அப்பாவின் சட்டைப் பொத்தான்

அன்று காலை அப்பா சட்டைப் பொத்தான்களோடு போராடிக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டேன். ஐந்தே பொத்தான்கள். பத்து நிமிடம் ஆனது.

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை என அப்பாவுக்கு மொத்தம் 12 சுற்று கீமோதெரபி. அது ஒன்பதாவது சுற்று. அம்மாவுக்கு வேலை, எனக்கு வகுப்பு இல்லை. அதனால் நான் துணைக்குப் போனேன்.

முதலில் ரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்கள் போதுமான அளவு இருந்தால்தான் மருந்து. இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எண்ணிக்கை சரி என்றதும் தேர்வில் தேறிய மாணவரைப் போல அப்பா சிரித்தார்.

பிறகு மருத்துவர். அவர் ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன். விரல்கள் மரத்துப்போகின்றனவா என்று அவர் கேட்டதும், நான் வாய் திறப்பதற்குள், "ஓகே லா," என்றார் அப்பா. அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

ஏன் மறைத்தார் என்று எனக்குத் தெரியும். ஆக்ஸாலிபிளாட்டின் மருந்து நரம்புகளைப் பாதிக்கும். பாதிப்பு கூடினால் அளவைக் குறைப்பார்கள், சில நேரம் நிறுத்தியும் விடுவார்கள். மருந்து குறைந்தால் நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் அவருக்கு. எனக்கும்தான். ஆனாலும் பொத்தான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

மருத்துவர் அளவைக் குறைத்தார். கவனிக்காமல் விட்டால் மரத்துப்போவது நிரந்தரமாகிவிடலாம் என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் சரியாக வரவில்லை.

தாதியர் இருவர் அப்பாவின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரிபார்த்து, நெஞ்சில் தோலுக்கடியில் பொருத்தியிருந்த 'போர்ட்' வழியாக மருந்தை இணைத்தார்கள். இரண்டு மணி நேரம் ஏறியது. அப்பா என்னோடு பேசவே இல்லை. மடிக்கணினியைத் திறந்துவைத்துக் கட்டுரை எழுதுவதுபோல் பாவனை செய்தேன். எதிர் நாற்காலிக்காரர் ஐஸ் மைலோ குடித்துக்கொண்டிருந்தார், அவருக்கு வேறு மருந்து போலும். அப்பாவுக்குக் குளிர்ந்தது பட்டாலே தொண்டையில் ஊசி குத்தும். குளிர்பதனப் பெட்டியைத் திறக்கக்கூட வீட்டில் கையுறை வைத்திருக்கிறோம்.

புறப்படும்போது இடுப்பில் பால்புட்டி அளவில் ஒரு பம்ப். அடுத்த 46 மணி நேரம் அது வீட்டிலும் மருந்தைச் செலுத்திக்கொண்டிருக்கும்.

டாக்சி எங்கள் புளோக்கை நெருங்கும்போதுதான் அப்பா வாய் திறந்தார்.

"நான் பொத்தான் போட்டத எப்பப் பார்த்த?"

"காலையிலப்பா."

"அப்பவே வந்து போட்டுவிட்டிருக்கலாம்ல?"