94-லேயே நின்ற ஸ்பீடு: சிவகாசி பிரஸ் ஒன்றில் ரவுட்டர் மாற்றிய கதை

"புது டப்பா வாங்கி மாட்டியாச்சு, அப்பவும் அதே 94-தானப்பா காட்டுது?"

சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கும் சித்தப்பா போனில் கேட்டது இது. எடுத்திருக்கும் பிளான் 300 எம்பிபிஎஸ். பழைய ரவுட்டரில் 94 வந்தது. ஆறாயிரம் ரூபாய்க்குப் புதுசு வாங்கிய பிறகும் 94. "நம்மள ஏமாத்திட்டானுக" என்று முடிவே கட்டிவிட்டார்.

அவர் அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். ஏ2 அளவுத் தாள் ஒன்றை 300 டிபிஐ-யில், நாலு கலரில், சுருக்காமல் சேமித்தால் சுமார் 139 எம்பி. மாதத்துக்கு ஒரு தாள் வீதம் 12 தாள் என்றால் 1.67 ஜிபி. இதை பிளேட் போடும் இடத்துக்கு அனுப்ப 20 எம்பிபிஎஸ்-இல் 11 நிமிஷம், 94-இல் இரண்டே கால் நிமிஷம், 300-இல் முக்கால் நிமிஷம். ஒரு காலண்டருக்கு இது பெரிய வித்தியாசம் இல்லைதான். ஒரே நாளில் முப்பது டிசைன் போய் வரும்போது ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார்.

எனக்குச் சந்தேகம் வந்ததே அந்த 94 என்ற எண்ணால்தான். 90 இல்லை, 110 இல்லை, எப்போது அளந்தாலும் 94. இது 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டின் கைரேகை. ஒவ்வொரு பாக்கெட்டும் கம்பியில் 1,538 பைட் அளவுக்கு இடம் பிடிக்கும். அதில் நம்ம ஃபைலுக்கு மிஞ்சுவது 1,448 முதல் 1,460 பைட் வரை. மீதி முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி என்று போய்விடும். கணக்குப் போட்டால் நூற்றுக்கு 94 சொச்சம். ஆக வழியில் எங்கேயோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் உட்கார்ந்திருக்கிறது. லைன் கொடுத்தவர் மேல் பழி போட அவசியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். டிசைன் மேஜைக்கு அடியில், பேப்பர் தூசி அப்பிக்கொண்டு, பழைய எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று. 100 எம்பிபிஎஸ். கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி மாட்டினோம். டெஸ்ட் போட்டால்... 94! சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

இதுதான் இந்த விஷயத்தில் குழப்பமான இடம். கண்மாய் நிறைந்திருந்தாலும் மடை அளவுக்குத்தான் தண்ணி வரும். வரிசையாக இரண்டு சின்ன மடை இருந்தால், ஒன்றை மட்டும் பெரிசாக்கினால் ஒரு மாற்றமும் தெரியாது. "ஸ்விட்ச் காரணமில்லை போல" என்று தப்பாக முடிவு கட்டத் தோன்றும். இன்னொரு மடை ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் இருந்தது. அந்த மாடலில் லேன் 1 மட்டும் ஜிகாபிட், மற்ற மூன்றும் 100. ரவுட்டர் வயர் லேன் 2-இல் சொருகியிருந்தது. பிடுங்கி லேன் 1-இல் போட்டதும் 280 தாண்டியது. செலவு பூஜ்யம்.

கேபிளும் இதே வேலையைச் செய்யும். 100 எம்பிபிஎஸ்-க்கு நாலு ஜோடிக் கம்பியில் இரண்டு ஜோடி போதும். 1999-இல் வந்த ஜிகாபிட் தரத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். எலி ஒரு கம்பியைக் கடித்தால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்வதால் யாருக்கும் தெரியாது.

அடுத்த நாள் மறுபடி போன்: "160-க்கு எறங்கிடுச்சு." பில்லிங் கம்ப்யூட்டருக்கு முன்னுரிமை தரலாம் என்று ரவுட்டரில் ஒரு செட்டிங்கை ஆன் பண்ணியிருக்கிறார். சாதாரணமாக பாக்கெட்டுகளை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் தள்ளுவதற்கு ரவுட்டர் சிப்பில் தனி வழி உண்டு, பிராசசருக்கு வேலை வராது. முன்னுரிமை, குழந்தைகள் பாதுகாப்பு மாதிரி வசதிகளை ஆன் செய்தால், விலை குறைந்த பல ரவுட்டர்களில் அந்தத் தனி வழி மூடிக்கொள்ளும். ஒவ்வொரு பாக்கெட்டையும் பிராசசரே பார்க்க வேண்டும், மூச்சு வாங்கும். ஆஃப் பண்ணச் சொன்னேன், பழைய வேகம் வந்துவிட்டது. லைன் நெரிசலாகி பில்லிங் தடுமாறினால் மட்டும் அந்த செட்டிங்குக்கு அர்த்தம் உண்டு.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 'ஏசி1200' பற்றியும் கேட்டார். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, கூட்டி, கொஞ்சம் ஏற்றிப் போட்ட எண். ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இருக்கும். வைஃபையில் பேசுவதும் கேட்பதும் ஒரே காற்றில் மாறி மாறி நடப்பதால், எழுதியிருப்பதில் பாதி கையில் கிடைத்தாலே நல்லது. ஏசி1200 என்று விற்பதில் 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ளவையும் உண்டு. வைஃபை என்ன பாய்ந்தாலும் வாசலில் 94-தான்.

மாடியில் பைண்டிங் நடக்கும் இடத்தில் இன்னும் 40-தான் வருகிறது. நடுவில் கான்கிரீட் தளம், இரும்பு ரேக், ஆள் உயரத்துக்குப் பேப்பர் கட்டு. அங்கே வாட்ஸ்அப் போனால் போதும் என்றார். டிசைன் மெஷின் இரண்டுக்கும் கேபிள் இழுத்துவிட்டு ராத்திரி பஸ் பிடித்தேன்.