இன்ஜீலும் நான்கு சுவிசேஷங்களும்: அறியாமல் பேசலாமா?

 

 

சென்னை அசோக் நகரில் எமது மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். உடன் பணிபுரியும் கிறிஸ்தவ நண்பரிடம், "கி.பி. 325-இல் நிக்கேயா சங்கத்தில் கூடித்தான் உங்கள் நான்கு சுவிசேஷங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்று கூறியிருக்கிறார். நண்பரோ சினம் கொள்ளாமல், அச்சங்கத்தின் தீர்மானங்களை முன்வைத்து, அவ்வாறு எங்கே உள்ளது என்று கேட்டுவிட்டார். "ஹஜ்ரத், நான் சொன்னது பொய்யா?" என்றார் இளைஞர்.

பொய் என்று அறிந்து அவர் சொல்லவில்லை. ஆனால் செய்தி தவறானதே. பல்லாண்டுகளுக்கு முன் நானே ஒரு ஜுமுஆ பயானில் அதைச் சொல்லியிருக்கிறேன், அல்லாஹ் மன்னிப்பானாக! நிக்கேயாவில் ஈஸா (அலை) அவர்களின் நிலை குறித்தே பெரிதும் விவாதித்தனர். நான்கு சுவிசேஷங்கள் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சபைகளில் நிலைபெற்றுவிட்டன. புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு நூல்களையும் அப்படியே வரிசைப்படுத்திய மடல், அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் 367-இல் எழுதியதாகும்.

அவர்களுடைய வாதம்தான் என்ன? கிரேக்க மொழியில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உள்ளன; வத்திக்கான் பிரதியும் சினாய் பிரதியும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அதாவது நபி (ஸல்) அவர்களின் காலத்திற்கு முந்தியவை; அவற்றிலும் இன்றைய நூலே காணப்படுகிறது; அவ்வாறிருக்க, குர்ஆன் மெய்ப்படுத்திய வேதம் பின்னர் எப்போது மாற்றப்பட்டது? இது வலுவான கேள்வி. எள்ளி நகையாடி இதைக் கடந்துவிட இயலாது. பிரதிகளுக்கிடையே இலட்சக்கணக்கான வேறுபாடுகள் உண்டே எனச் சிலர் முழங்குவர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை எழுத்துப் பிழைகளும் சொல் இடமாற்றங்களுமே.

இவ்வாதம் நம் நாட்டிற்குப் புதிதன்று. ஜெர்மானியப் பாதிரியார் ஃபண்டர் 'மீஸானுல் ஹக்' என்ற நூலில் இதை எழுதி, ஆக்ராவில் பரப்பி வந்தார். 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாட்களில் அவரை எதிர்கொண்டவர் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்கள். அவர்களுக்குத் துணை நின்ற டாக்டர் வஜீர் கான், ஐரோப்பியக் கிறிஸ்தவ அறிஞர்களே பைபிளை ஆய்ந்து எழுதிய நூல்களை நன்கு பயின்றவர். எதிர்த்தரப்பின் நூல்களைக் கொண்டே வாதிட்டனர். அவதூறு செய்ய வேண்டிய தேவையே அவர்களுக்கு எழவில்லை. மூலத்தில் இல்லாதவை சில இடங்களில் நுழைந்துள்ளன என ஃபண்டர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆயினும் அவற்றால் அடிப்படைக் கொள்கை பாதிக்கப்படவில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1857-க்குப் பின் மக்காவில் குடியேறிய மௌலானா அவர்கள், 1864-இல் இஸ்தான்பூலில் 'இள்ஹாருல் ஹக்' நூலை இயற்றினார்கள்.

அன்று எடுத்துக்காட்டப்பட்ட இடங்களுள் ஒன்று யோவானின் முதல் நிருபம் 5:7. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்று எனக் கூறும் பகுதி அது. பழங்காலக் கிரேக்கப் பிரதிகளில் அப்பகுதி இல்லை. எராஸ்மஸ் 1516-லும் 1519-லும் அச்சிட்ட பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வந்தபின் 1522-இல் சேர்த்தார்.

இங்கே ஒன்றை நாம் பிரித்தறிய வேண்டும். பழம்பிரதிகள் நிறுவுவது, நான்கு சுவிசேஷங்களும் பெருமளவு எழுதப்பட்டவாறே நம்மை வந்தடைந்தன என்பதை. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஈஸா (அலை) அவர்களுக்கு அல்லாஹ் அருளிய இன்ஜீலும், அவர்களுக்குப் பின் பிறர் அவர்களைப் பற்றி எழுதிய வரலாறுகளும் ஒன்றா என்பது வேறு கேள்வி. லூக்கா தாம் விசாரித்தறிந்து எழுதுவதாகத் தம் நூலின் தொடக்கத்திலேயே கூறுகிறார். பிரதிகள் எத்தனை ஆயிரம் கிடைத்தாலும் இக்கேள்விக்கு அவை விடையாகா. குர்ஆன் முன் வேதங்களை மெய்ப்படுத்துவதோடு அவற்றைக் கண்காணிப்பதாகவும் (5:48) கூறுவதை இங்கே நினைவில் கொள்க. மாற்றம் சொல்லிலா, பொருளிலா என்பதில் நம் இமாம்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்கள் சொல்லிலேயே மாற்றம் நிகழ்ந்தது என வன்மையாக வாதிட்டார்கள். (கிராஅத் வேறுபாடுகள் குறித்து அவர்கள் நம்மிடம் கேட்பார்கள். அதனை இன்ஷா அல்லாஹ் தனியே எழுதுவோம்.)

வேதக்காரர்கள் கூறுவதை மெய்யென்றும் கூறாதீர்கள், பொய்யென்றும் கூறாதீர்கள் என்ற கருத்தில் புகாரியில் நபிமொழி உள்ளது. அழகிய முறையிலன்றி அவர்களுடன் தர்க்கம் செய்யலாகாது என்பது குர்ஆனின் கட்டளை (29:46).

அவ்விளைஞரிடம் இரண்டு தமிழ் பைபிள்களைக் கொடுத்தேன். புராட்டஸ்டண்டு சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதலில் மேற்சொன்ன பகுதி உள்ளது. 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் வசனத்தில் அது இல்லை. நிக்கேயா பற்றிக் கூறியது தவறென்று முதலில் நண்பரிடம் ஒப்புக்கொண்டு, அதன் பிறகே இதைக் காட்டுமாறு கூறினேன். அவ்வாறே செய்திருக்கிறார். நண்பர் இரு நூல்களையும் வாங்கிக்கொண்டு, தம் சபைப் போதகரிடம் கேட்டு வருவதாகக் கூறினாராம்.