சுவரில் ஐந்து குறியீடுகள்: பொஸ்டனில் சுடச் சொன்னது யார்?

அமெரிக்கப் பாடசாலையொன்றில் எட்டாம் தர மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். பரீட்சைக்கு முந்தைய வாரம் மீட்டலுக்கானது. 1607இல் ஜேம்ஸ்டவுன், 1620இல் மேஃபிளவர் கப்பல், 1776இல் சுதந்திரப் பிரகடனம் என்று பிள்ளைகள் ஆண்டுகளை ஒப்புவிப்பார்கள். இதற்கு இங்கே பல ஆசிரியர்கள் கியூஆர் குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள். குறியீடு அச்சிட்ட தாள்களைச் சுவரில் ஒட்டிவிட்டால், பிள்ளைகள் டெப்லட்டோடு ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து விடை எழுதிக்கொண்டு நகர்வார்கள்.

நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். ஸ்கேன் செய்தால் ஒரு கேள்வி, கீழே நான்கு விடைகள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் பழைய வினாத்தாளைத்தான் நான் சுவரில் ஏற்றியிருந்தேன். 'பொஸ்டன் படுகொலையில் இறந்தவர்கள் எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு 'ஐந்து' என்று எழுதிவிட்டு ஒரு பையன் அடுத்த தாளுக்கு ஓடினான். விடை சரிதான். ஆனாலும் எனக்கு அது உறுத்தியது. இறந்தவர்கள் வெறும் எண்ணிக்கையாகிப் போவதைப் பார்த்த ஊரிலிருந்து வந்தவள் நான்.

அடுத்த முறை அந்த ஒரு சம்பவத்துக்கே ஐந்து குறியீடுகள் செய்தேன். கேள்விகளை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தக் காலத்து ஆவணம் ஒன்றை வைத்தேன். இவை பெரும்பாலும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும் மசாசூசெற்ஸ் வரலாற்றுச் சங்கத்திலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

1770 மார்ச் 5 இரவு, பொஸ்டன் சுங்க அலுவலகத்தின் முன்னால் கூடிய மக்கள்மீது பிரித்தானியச் சிப்பாய்கள் சுட்டார்கள். முதல் குறியீட்டைத் திறந்தால் போல் ரெவியர் அச்சிட்ட புகழ்பெற்ற படம் வரும். அதில் சிப்பாய்கள் வரிசையாக நிற்கிறார்கள், பின்னால் தளபதி வாளை உயர்த்திக் கட்டளையிடுகிறார், மேலே 'கசாப்புக்காரர் மண்டபம்' என்று பெயர்ப்பலகை. ஆபிரிக்க, பூர்வகுடி வழிவந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ்தான் இறந்தவர்களில் முதலாமவர் என்பார்கள். பிள்ளைகள் அவரைப் படத்தில் தேடினார்கள், கிடைக்கவில்லை.

இரண்டாவது, நகர மக்கள் அடுத்த சில வாரங்களுக்குள் திரட்டி அச்சிட்ட 96 சாட்சியங்கள். மூன்றாவது, தளபதி தோமஸ் பிரெஸ்டனின் சொந்த வாக்குமூலம். தான் சுடச் சொல்லவில்லை என்கிறார் அவர். நான்காவது, வழக்கின் தீர்ப்பு. சிப்பாய்களுக்காக வாதாடியவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜோன் அடம்ஸ். பிரெஸ்டன் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. இருவர் மட்டும் கொலையல்லாத ஆட்கொலைக்குக் குற்றவாளிகளாகி, பெருவிரலில் சூடு போடப்பட்டு விடப்பட்டார்கள்.

பிள்ளைகள் அதிக நேரம் நின்றது ஐந்தாவதன் முன்னால்தான். சுடப்பட்டு ஒன்பது நாட்களின் பின் இறந்த பற்றிக் கார், சிப்பாய்கள் தற்காப்புக்காகவே சுட்டார்கள், தன்னைச் சுட்டவரை மன்னிக்கிறேன் என்று வைத்தியரிடம் சொன்னார். அந்த வைத்தியர் நீதிமன்றத்தில் அதை எடுத்துச் சொன்னார். 'அப்ப படம் பொய்யா மிஸ்?' என்றான் ஒருவன். ஒரு சாட்சியை வைத்து மற்ற 96ஐயும் தள்ளலாமா என்று திருப்பிக் கேட்டேன். எங்கள் வீடுகளிலும் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் இருக்கிறது.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில விடயங்கள். கியூஆர் குறியீடு 1994இல் யப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில், வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவானது. மூன்று மூலைகளிலுள்ள சதுரங்கள்தான் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கமெராவுக்கு வழிகாட்டுகின்றன. திருத்த அளவை உச்சத்தில் வைத்தால், சுமார் 30 வீதம் கிழிந்தாலோ அழிந்தாலோகூட வாசிக்கும். இணைப்பு நீளமானால் புள்ளிகள் நெருங்கிச் சிறுத்துவிடும், தூரத்திலிருந்து எடுபடாது. சுற்றிவர வெள்ளை ஓரத்தை வெட்டிவிடக் கூடாது.

'நிலையான' குறியீட்டையே செய்யுங்கள். அதில் ஆவணத்தின் முகவரியே பதிந்திருக்கும். மற்ற வகை, இடையிலுள்ள நிறுவனமொன்றின் முகவரி வழியாகத்தான் திறக்கும். இலவசக் காலம் முடிந்ததும் என் சுவரிலிருந்த ஐந்தும் பரீட்சைக்கு முதல்நாள் விளம்பரப் பக்கத்தைக் காட்டின. அன்றிலிருந்து ஒவ்வொரு குறியீட்டின் கீழும் ஆவணத்தின் அச்சுப் பிரதி ஒன்றையும் தொங்கவிடுகிறேன். டெப்லட் இல்லாத பிள்ளையும் அதைப் படிக்கலாம்.

இம்முறை விடைத்தாளில் 'சுடச் சொன்னது யார்?' என்று மட்டும் கேட்டேன். ஒரு மாணவி, முரண்படும் இரண்டு சாட்சியங்களை எழுதி, இருவரும் எங்கே நின்றார்கள் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்று நிறுத்தியிருந்தாள். முழுப் புள்ளி போட்டேன். அடுத்த தவணைக்குச் சுங்க அலுவலக முற்றத்தின் வரைபடம் ஆறாவது குறியீடாக வரும்.