பள்ளியில் விளையாட்டு நின்றால்

கோயம்புத்தூரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், மலைகளுக்கிடையே ஆனைகட்டி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஊரின் ஒரு பகுதி தமிழ்நாட்டிலும் மற்றொரு பகுதி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலும் இருக்கின்றன. எல்லையைக் கடந்து மேற்கே சென்றால் அட்டப்பாடி; அதனையும் கடந்து மலையிறங்கினால் மண்ணார்க்காடு. இவ்வழி நெடுகிலும் தமிழும் மலையாளமும் பழங்குடி மக்களின் மொழிகளும் கலந்து ஒலிக்கின்றன. இத்தகைய ஊர்களில், ஒரு சிறுவனின் கால்களில் வேகம் உண்டு என்பதை முதலில் கண்டறிபவர் பெரும்பாலும் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரே. அப்பள்ளியில் விளையாட்டே நின்றுவிட்டால் அச்சிறுவனுக்கு வழி யாது? ஆனைகட்டியில் மட்டுமன்று, மூணாற்றிலும் பீர்மேட்டிலும், பெங்களூரிலும் மும்பையிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் எவருக்கும் நேரக்கூடிய இக்கேள்வியை இங்கு ஆராய்வோம்.

விளையாட்டு நின்றுவிடுவதற்குக் காரணங்கள் பல. மாணாக்கர் தொகை குறைந்தால் உடற்பயிற்சி ஆசிரியர் பணியிடம் இல்லாமற் போகலாம். விடுதிச் செலவைத் தாங்க இயலாமல் நிர்வாகத்தார் கைவிடலாம். ஒரே மனிதரின் உழைப்பில் வளர்ந்த பயிற்சி, அவர் ஓய்வு பெற்றதும் ஓய்ந்துவிடலாம்.

இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்குச் சிறந்த சான்று கோதமங்கலம். மூணாற்று மலைச்சாலையின் அடிவாரத்தில் உள்ள இவ்வூரின் செயின்ட் ஜார்ஜ் பள்ளி, கேரளப் பள்ளித் தடகளப் போட்டிகளில் 10 முறை முதலிடம் பெற்றது. 2018-ஆம் ஆண்டிலும் அதுவே முதற்பள்ளி. பயிற்சியாளர் ராஜு பால் 2019-இல் பணி ஓய்வு பெற்றார். அத்துடன் அப்பள்ளியின் தடகளப் புகழும் முடிவுற்றது. அவ்வாண்டு கண்ணூரில் நடந்த போட்டியில் அதே ஊரின் மார் பேசில் பள்ளி முதலிடம் பெற்றது. மண்ணார்க்காட்டுக்கு அருகிலுள்ள குமரம்புத்தூர் கல்லடிப் பள்ளி அதற்கடுத்த இடத்தில் நின்றது. மாவட்டங்களுள் பாலக்காடு வாகை சூடியது. ஒரு பள்ளியின் களம் ஓய்ந்தாலும் வேறு களங்கள் ஓய்வதில்லை என்பதை இதனால் உணர்கிறோம்.

ஆயினும் பிள்ளையின் வயது காத்திருப்பதில்லை. பள்ளி விளையாட்டை நிறுத்தும்போது மறைவது மைதானம் மட்டுமன்று. போட்டிக்குப் பிள்ளையின் பெயரை அனுப்புவது பள்ளியே. அது அனுப்பாவிடில் உபமாவட்டப் போட்டி இல்லை. அதனால் மாவட்டப் போட்டியும் மாநிலப் போட்டியும் இல்லை. பிற்காலத்தில் கல்லூரியில் இடம் பெறவும் அலுவல் பெறவும் உதவும் சான்றிதழும் கிட்டாது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: பயிற்சி தருபவர் யார்? போட்டிக்குப் பெயர் கொடுப்பவர் யார்? படிப்பு என்னவாகும்?

முதல் வழி, விளையாட்டு நடைபெறும் வேறு பள்ளிக்கு மாறுவது. இதில் மூன்று கேள்விகளுக்கும் ஒருங்கே விடை கிடைக்கும். ஆனால் புதிய பள்ளியின் பயிற்சியாளர் ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டுகள் உள்ளன என்பதையும் கேட்டறிதல் நன்று. ஒருவர் ஓய்வினால் ஒரு பள்ளியை இழந்த பிள்ளை, அதே காரணத்தால் மற்றொன்றையும் இழக்கலாகாது. ஆண்டின் நடுவே மாறினால் அவ்வாண்டுப் போட்டிகளில் கலந்துகொள்ள இயலுமா என்பதையும் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி, அரசினரின் விளையாட்டுப் பள்ளிகளும் விடுதிகளும். கண்ணூரில் 1976-இல் தொடங்கிய மகளிர் விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த சிறுமியருள் ஒருவரே பி.டி. உஷா. திருவனந்தபுரத்தில் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி உள்ளது. அதே நகரைச் சார்ந்த வெள்ளாயணியில், தாழ்த்தப்பட்டோர் மற்றும் பழங்குடியினரின் பிள்ளைகளுக்கென அய்யன்காளி நினைவு விளையாட்டு உறைவிடப் பள்ளி நடைபெறுகிறது. அட்டப்பாடிக் குடும்பங்கள் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். தமிழ்நாட்டில் 1992-இல் அமைந்த விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளும், மராட்டியத்தில் கிரீடா பிரபோதினியும் உள்ளன. இவ்விடங்களில் ஓட்டமும் தாண்டலும் அளந்து பார்த்தே சேர்ப்பர். வீட்டைப் பிரியும் வருத்தம் இதன் விலை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது சிறிய விலையன்று.

மூன்றாவது வழி, படிப்பை இருக்கும் பள்ளியிலேயே தொடர்ந்து, விளையாட்டை வெளியில் தேடுவது. ஜெர்மனி போன்ற நாடுகளில் விளையாட்டின் உறைவிடம் ஊர்ச் சங்கங்களே. நம் நாட்டிலும் மாவட்டத் தடகளச் சங்கங்கள் உள்ளன. இந்தியத் தடகளக் கூட்டமைப்பு நடத்தும் மாவட்டங்களுக்கிடையேயான இளையோர் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புவது மாவட்டமே, பள்ளி அன்று. எனவே தன் பள்ளியில் அணியே இல்லாத மாணவனும் அங்கே ஓடலாம். 2018 முதல் நடைபெறும் கேலோ இந்தியா போட்டிகளும் திறமையுடையோரைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகைக்குப் பரிந்துரைக்க வாய்ப்பளிக்கின்றன.

நான்காவது வழி, இந்திய விளையாட்டு ஆணையத்துடன் இணைந்து படையினர் நடத்தும் சிறுவர் விளையாட்டுப் பிரிவுகள். பெங்களூரிலும் புனேயிலும் இவை உள்ளன. உணவும் உறைவிடமும் கல்வியும் அங்கேயே கிட்டும், கட்டுப்பாடும் மிகுதி.

மாநில எல்லையில் வாழ்வோருக்கும் வேற்று மாநிலத்தில் குடியேறியோருக்கும் தனியே ஓர் எச்சரிக்கை உண்டு. பள்ளிப் போட்டியில் பிள்ளை எந்த மாநிலத்தில் படிக்கிறதோ அந்த மாநிலத்தின் பிள்ளையே; சொந்த ஊர் எதுவாயினும் வேறுபாடில்லை. விடுதிகளிலோ இருப்பிடச் சான்று கேட்கப்படலாம். ஆகவே விண்ணப்பத்திற்கு முன் விதியைப் படித்தல் நலம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், பள்ளிப் பதிவேட்டில் தந்தையின் முதலெழுத்து மாறிய வேறொரு பெயரும் இருத்தல் நம்மவரிடையே பெரிதும் காணப்படுகிறது. வயதைக் கண்டிப்பாகச் சோதிக்கும் இக்காலத்தில், இச்சிறு வேறுபாடு ஒரு நல்ல ஓட்டக்காரனை வாசலிலேயே நிறுத்திவிடும். பள்ளியில் விளையாட்டு நின்றது என்று கேட்ட அன்றே, பிள்ளை இதுவரை பெற்ற சான்றிதழ்கள் அனைத்தையும் தலைமையாசிரியரிடமிருந்து கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவதும் பெற்றோர் கடமையாகும்.

வழி தேடும் மாதங்களில் பயிற்சி அறவே நின்றுவிடலாகாது. ஓடுவதற்கு ஒரு மண்பாதையும், நேரத்தைக் குறிக்க ஒரு கடிகாரமும், உடன் நிற்க ஒரு மூத்தவரும் போதும். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் பலர் காலையில் ஒரு மணி நேரம் தர மறுப்பதில்லை. நாம் சென்று கேட்பதில்லை என்பதே குறை. ஊரிலுள்ள தமிழ்ச் சங்கங்கள் விழா நாட்களில் பரிசு வழங்குவதோடு நில்லாமல், அத்தகைய ஒருவரை அமர்த்தி, பத்துப் பிள்ளைகளைத் திரட்டி, மாவட்டச் சங்கத்தில் பெயர் பதிவித்தால், பள்ளி கைவிட்ட பணியை ஊரே ஏற்று நடத்தியதாகும்.