உங்களுக்குத் தெரியுமா? வங்கி போடும் சொந்தப் பணம்

● திருவள்ளூரை அடுத்த திரூர் என்றதும் பலருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையம்தான் நினைவுக்கு வரும். கூட்டுறவு வரலாற்றில் அந்தக் கிராமத்துக்கு இன்னும் பெரிய இடம் உண்டு. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் கீழ், அன்றைய சென்னை மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று அங்கேதான் பதிவானது. கிராமச் சங்கங்களுக்கு அந்தச் சட்டம் கடுமையான இரண்டு நிபந்தனைகள் போட்டது. உறுப்பினர்களின் பொறுப்புக்கு எல்லை கிடையாது. சங்கம் நொடித்தால் வீடு, நிலத்தை விற்றாவது கடனை அடைக்க வேண்டும். லாபமும் காப்பு நிதிக்கே போக வேண்டும். ஊரார் பணத்தை வாங்கிக் கடன் கொடுப்பவர், முதல் நஷ்டத்தைத் தானே தாங்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். இன்று உலகத்து வங்கிகளை எல்லாம் கட்டுப்படுத்தும் மூலதன விதிகளின் அடிப்படையும் இதுதான்.

● வங்கியின் மூலதனம் பெட்டகத்தில் பூட்டிவைத்த பணம் அல்ல. டெபாசிட்டில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியிடம் போட்டு வைக்கிறார்களே, அது ரொக்கக் கையிருப்பு; அது வேறு. மூலதனம் என்பது பங்குதாரர்கள் போட்ட பணமும், பிரித்துக் கொடுக்காமல் சேர்த்து வைத்த லாபமும். அந்தப் பணமும் கடனாக வெளியே ஓடிக்கொண்டுதான் இருக்கும். கொடுத்த கடன் திரும்பாவிட்டால் முதலில் கரைவது அது. அது தீர்ந்த பிறகுதான் டெபாசிட் போட்டவரின் பணத்துக்கு ஆபத்து வரும்.

● 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஷ்டாட் வங்கியை அரசு மூடியது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மத்திய வங்கிகள் கூடி ஒரு குழு அமைத்தன. அந்தக் குழு 1988இல் வகுத்த விதி, 100 ரூபாய்க் கடனுக்கு 8 ரூபாய் மூலதனம். நரசிம்மம் குழுவின் பரிந்துரைப்படி இந்தியா 1992இல் அதை ஏற்றது. 2000 மார்ச்சுக்குள் 9 ஆக்கியது. இப்போது கூடுதல் பாதுகாப்பாக 2.5 சேர்த்து, வணிக வங்கிகள் 11.5 சதவீதம் வைத்திருக்க வேண்டும்.

● ஆனால் எல்லா 100 ரூபாயும் விதியின் கண்ணுக்கு 100 ரூபாய் அல்ல. கடனின் ஆபத்தைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் 'இடர் எடை' உண்டு. மத்திய அரசுக்குக் கொடுத்த கடனுக்கு எடை பூஜ்யம். நிறுவனக் கடன் என்றால், தர நிர்ணய நிறுவனங்கள் தரும் மதிப்பீடு எடையைத் தீர்மானிக்கிறது. டிரிபிள் ஏ பெற்ற பெரிய கம்பெனிக்கு 20 சதவீதம். டிரிபிள் பி என்றால் 100. அதற்கும் கீழே போனால் 150.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரிபிள் ஏ நிறுவனத்துக்கு ஒரு கோடி கொடுத்தால் வங்கி ஒதுக்க வேண்டிய சொந்தப் பணம் 2.3 லட்சம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் டிரிபிள் பி மதிப்பீட்டில் இருக்கும் ஓர் உருக்காலைக்கு அதே ஒரு கோடி கொடுத்தால் 11.5 லட்சம். ஐந்து மடங்கு! சொந்தப் பணத்துக்கு லாபம் காட்ட வேண்டிய வங்கி அந்தச் செலவை யார் தலையில் வைக்கும்? வட்டி விகிதம் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு மேலாளரின் மனநிலை மட்டும் காரணமல்ல.

● சின்னப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. பலருக்கு அது தெரியவே தெரியாது. ஆண்டு விற்றுமுதல் சராசரியாக 50 கோடிக்குள்ளும், வங்கியிடம் வாங்கிய மொத்தக் கடன் 7.5 கோடிக்குள்ளும் இருந்தால், அந்தக் கடன் சில்லறைக் கடன் வகையில் சேரலாம். எடை 75 சதவீதம்தான், மதிப்பீடும் தேவையில்லை. இந்த வரம்பு முன்பு 5 கோடியாக இருந்தது. கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், ரிசர்வ் வங்கி அதை 7.5 கோடியாக உயர்த்தியது. காக்களூர் சிட்கோவில் லேத்தும் பிரஸ்ஸும் ஓட்டும் யூனிட்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடக் கூடியவைதான்.

● திருவள்ளூர் பகுதியில் யாரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கும் செய்தி ஒன்று உண்டு: தொழிற்சாலை நிலத்தையும் கட்டடத்தையும் அடமானம் வைத்தால் வங்கியின் மூலதனச் சுமை ஒரு ரூபாய்கூடக் குறையாது.

பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டோம், இனி வங்கிக்கு என்ன ஆபத்து என்று தொழில்முனைவோர் நினைக்கிறார்கள். வசூலுக்கு அந்தப் பத்திரம் உதவும், உண்மைதான். கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் வங்கி எவ்வளவு ஒதுக்கீடு செய்ய வேண்டும் என்பதிலும் அது பேசும். மூலதனக் கணக்கில் மட்டும் அதற்கு இடமில்லை. அங்கே செல்லுபடியாவது உடனே பணமாகக் கூடியவை: டெபாசிட், தங்கம், தேசிய சேமிப்புப் பத்திரம், ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் சரண்டர் மதிப்பு போன்றவை.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: சிறு, குறுந்தொழில் கடன்களுக்கு 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிஜிடிஎம்எஸ்இ அறக்கட்டளையின் உத்தரவாதம் கிடைத்த பகுதிக்கு, சில நிபந்தனைகளோடு, எடை பூஜ்யம். ஒரு கோடிக் கடனில் 75 சதவீதத்துக்கு உத்தரவாதம் கிடைத்தால், மீதி 25 லட்சத்துக்குத்தான் மூலதனம். சில்லறை வகை என்றால் சுமார் 2.16 லட்சம் போதும். மேலே சொன்ன டிரிபிள் ஏ பெருநிறுவனத்தைவிடவும் குறைவு! தாத்தா காலத்து நிலப் பத்திரத்தை நீட்டுவதற்கு முன்னால், "சார், சிஜிடிஎம்எஸ்இயில் போட முடியுமா?" என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு சிறு உற்பத்தியாளருக்கும் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு கடனாளிக்கு 10 கோடி வரை இந்த உத்தரவாதம் பெறலாம். ஆண்டுக்கு ஒரு கட்டணம் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

● பணமே கைமாறாத கடனுக்கும் மூலதனம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து பழைய இரும்பை இறக்குமதி செய்ய எல்சி (வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) திறக்கிறீர்கள். ஓராண்டுக்குள் சரக்கு வந்து முடியும் எல்சி என்றால் அதன் மதிப்பில் 20 சதவீதத்தைக் கடனாகக் கருதிக் கணக்கிடுவார்கள். அரசு டெண்டருக்குக் கொடுக்கும் செயல்திறன் உத்தரவாதம் 50 சதவீதம். பணம் கட்டுவதற்கான நிதி உத்தரவாதம் என்றால் முழு 100. இவற்றுக்கு நீங்கள் மார்ஜினாக வைக்கும் டெபாசிட் கணக்கில் கழியும்.

● சிசி (ரொக்கக் கடன்) கணக்கில் 2 கோடி லிமிட் வாங்கி 80 லட்சம் மட்டும் எடுக்கிறீர்களா? எடுக்காத 1.2 கோடிக்கும் வங்கி ஓரளவு சொந்தப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கலாம். பயன்படுத்தாத லிமிட்டுக்குச் சில வங்கிகள் கட்டணம் கேட்பதற்கு இது ஒரு காரணம்.

● தனிநபர் கடனின் எடையை 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி 100இலிருந்து 125 ஆக்கியது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு வங்கிகளுக்கு 150. வீடு, கல்வி, வாகனம், தங்க நகைக் கடன்கள் இந்த உயர்வில் சேரவில்லை. ஒரு விரலை அசைத்தாலே கடன் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று ரிசர்வ் வங்கியால் திருப்பிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

● மூலதனம் கரைந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்தது, 2020இல். கரூரில் வி.எஸ்.என். ராமலிங்கச் செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, பல தலைமுறைகளாக வியாபாரிகளுக்கும் சிறு தொழில்களுக்கும் கடன் கொடுத்து வளர்ந்தது. பிற்காலத்தில் பெருநிறுவனக் கடன்களின் பக்கம் சாய்ந்தது. அவை வாராக்கடன்களாகத் திரும்பின. 2019 மார்ச்சில் மூலதன விகிதம் 7.72 சதவீதம். அந்த ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் 1.12. ஜூனில் 0.17. செப்டம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 2.85.

விகிதம் மைனஸ் ஆகிறது என்றால் சொந்தப் பணம் முழுக்கத் தீர்ந்து, நஷ்டம் டெபாசிட் பணத்தைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நவம்பர் 17 அன்று தடை வந்தது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. நவம்பர் 27 அன்று சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியினுடைய இந்தியப் பிரிவுடன் இணைக்கப்பட்டது. டிபிஎஸ் 2,500 கோடி புதிய மூலதனம் கொண்டுவந்தது. டெபாசிட்கள் தப்பின. பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தொண்ணூற்று நான்கு ஆண்டுப் பெயர் பத்தே நாளில் மறைந்தது.

● அதே நிகழ்வில் இன்னொரு கூட்டமும் முழுதாக இழந்தது. அவ்வங்கியின் 318.20 கோடி ரூபாய் இரண்டாம் அடுக்குக் கடன் பத்திரங்கள் அடியோடு ரத்து செய்யப்பட்டன. சில மாதங்களுக்கு முன், 2020 மார்ச்சில், யெஸ் வங்கியின் 8,415 கோடி ரூபாய் கூடுதல் முதல் அடுக்குப் பத்திரங்களும் அப்படித்தான் எழுதித் தள்ளப்பட்டன. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இவை டெபாசிட் அல்ல. வங்கி விழும் நிலை வந்தால் நஷ்டத்தைத் தாங்குவதற்கென்றே மூலதனக் கணக்கில் சேர்க்கப்பட்டவை. டெபாசிட்டைவிட ஒன்றிரண்டு சதவீதம் வட்டி கூட என்று யாராவது ஓய்வுக்காலப் பணத்துக்கு இவற்றைப் பரிந்துரைத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். யெஸ் வங்கி அனுபவத்துக்குப் பிறகு கூடுதல் முதல் அடுக்குப் பத்திரங்களின் குறைந்தபட்ச அளவை செபி ஒரு கோடி ரூபாயாக்கியது. சாதாரண மக்கள் பக்கமே வரக் கூடாது என்பதற்காக எடுத்த நல்ல முடிவு அது.

● திருவள்ளூர் மாவட்டத்தின் முன்னோடி வங்கியான இந்தியன் வங்கி பிறந்ததே ஒரு வங்கியின் வீழ்ச்சியிலிருந்துதான். 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் அர்பத்நாட் கம்பெனி விழுந்தது; ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு போயிற்று; சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று திரட்டிய முயற்சியில் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி கதவைத் திறந்தது. அதே வங்கி 1995-96இல் 1,336 கோடி நஷ்டம் காட்டியது. அரசு மூலதனம் போட்டுத் தூக்கி நிறுத்தியது. 2025 மார்ச்சில் அதன் மூலதன விகிதம் 17.94 சதவீதம்.

● சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 2015 முதல் 2021 செப்டம்பர் வரை திருத்த நடவடிக்கையின் கீழ் இருந்தது. அத்தகைய காலத்தில் புதிய கிளை, பெரிய கடன், லாபப் பங்கு எல்லாவற்றுக்கும் கடிவாளம். அதன் வலி நல்ல கடனாளிகளின் லிமிட் புதுப்பித்தல் வரை இறங்கும்.

● சிறு நிதி வங்கிகளும், லாரிக்கும் நகைக்கும் கடன் தரும் பெரிய நிதி நிறுவனங்களும் 15 சதவீதம் வைத்திருக்க வேண்டும். சற்றுப் பெரிய நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு 2026 மார்ச் இறுதிக்குள் 12 சதவீதம் என்று கெடு வைக்கப்பட்டது.

● மூலதனமும் காப்பாற்றாத நிலை வந்தால் டெபாசிட் காப்பீடு இருக்கிறது: ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரை. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகு, 1962இல் வந்த இந்தக் காப்பீட்டின் தொடக்க வரம்பு 1,500 ரூபாய்.

● சிறு தொழில், வீட்டுக் கடன்களின் எடையைக் குறைக்கும் புதிய வரைவை ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் அறிவித்தது. 2027 ஏப்ரல் 1 முதல் என்பது அதில் சொன்ன தேதி. உங்கள் வங்கி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள யாரையும் கெஞ்ச வேண்டாம். ஒவ்வொரு வணிக வங்கியும் மூலதன விவரத்தைக் காலாண்டுதோறும் தன் இணையதளத்தில் 'பாசெல் 3 வெளியீடுகள்' என்ற தலைப்பில் போட வேண்டும் என்பது விதி. அதில் மூன்று எண்களைத் தேடுங்கள்: மொத்த மூலதன விகிதம், அதில் பங்கு மூலதனத்தின் பங்கு, நிகர வாராக்கடன் விகிதம். முதல் இரண்டும் நான்கு காலாண்டுகள் தொடர்ந்து இறங்கி, மூன்றாவது ஏறியிருந்தால், கிளை மேலாளரிடம் நேராகக் கேளுங்கள்.