வெளிமாநில முழு லோடு: லாரி நிறைந்தால் போதாது, எல்.ஆர். ரசீதும் சரியாக இருக்க வேண்டும்



திமிரி, ஆற்காடு, கலவை, ஆரணி வட்டாரத்து மளிகைக் கடைகளுக்கு ஆந்திரமும் கர்நாடகமும் தூர தேசம் அல்ல. சித்தூர் வெல்லம், குண்டூர் மிளகாய், பெங்களூர் யஷ்வந்த்பூர் மார்க்கெட் சரக்கு எல்லாம் நம் கடைகளில் அன்றாடம் புழங்குபவை. இவற்றை மொத்தக் கடையில் மூட்டை மூட்டையாக எடுக்கும் சிறு வியாபாரிகள் சிலர், "நாலு பேர் சேர்ந்து ஒரு லாரி பிடித்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். மொத்த வியாபாரியான எனக்கு அதில் லாபம் இல்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. விவரம் தெரிந்து செய்வது நல்லது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பார்ட் லோடில் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சரக்கு டிரான்ஸ்போர்ட் கிடங்கில் இறங்கி, வேறு சரக்கோடு மறுபடி ஏறி வரும். முழு லோடில் லாரிக்குத்தான் வாடகை. நாம் ஏற்றிய இடத்திலிருந்து நேரே நம் ஊர் வரும். ஒரு கணக்குப் பார்ப்போம். 10 டன் லாரிக்கு வாடகை ரூ.20,000 என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை 200 ஏற்றினால் மூட்டைக்கு ரூ.100 விழும். 160 மூட்டைதான் சேர்ந்தது என்றால் ரூ.125. இறக்க ஆள் இல்லாமல் ஒரு நாள் லாரி நின்று, ஹால்டிங் ரூ.2,000 கொடுத்தால் ரூ.137.50. எனவே லாரி நிறைவதும், வந்தவுடன் இறங்குவதும்தான் லாபம். இடம் இருக்கிறதே என்று அளவுக்கு மேல் ஏற்றவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000.

முன்பெல்லாம் வெளிமாநில லோடு என்றாலே எல்லையில் விற்பனை வரிச் செக்போஸ்ட் வரிசை நினைவுக்கு வரும். 2010-இல் நேஷனல் பர்மிட் முறை மாறி, ஆண்டுக்கு ஒரே கட்டணத்தில் லாரிகள் நாடு முழுவதும் போக வழி பிறந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரிச் செக்போஸ்டுகள் எடுக்கப்பட்டன. காம்பொசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வியாபாரியும் வெளிமாநிலத்திலிருந்து சரக்கு வாங்கலாம். வெளிமாநிலத்துக்கு விற்கத்தான் தடை. பாதை சுலபமாகிவிட்டது உண்மை. ஆனால் செக்போஸ்ட் போனதே தவிர, சோதனை போகவில்லை. பறக்கும் படை எந்த இடத்திலும் லாரியை நிறுத்தும்.

அங்கே முதலில் கேட்பது பில்லும் இ-வே பில்லும். மாநிலம் விட்டு மாநிலம் வரும் வரியுள்ள சரக்கின் மதிப்பு ரூ.50,000-க்கு மேல் போனால், 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. 450 கிலோமீட்டர் என்றால் 3 நாள். வழியில் லாரி பழுதாகி வேறு லாரிக்கு மாற்றினால், புதிய லாரி எண்ணைப் பதிந்த பிறகுதான் புறப்பட வேண்டும். கெடு தாண்டும்போல் தெரிந்தால், முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டித்துக்கொள்ளலாம். கவனிக்காமல் பிடிபட்டால், வரியைப் போல இரு மடங்கு அபராதம் கட்டித்தான் சரக்கை மீட்க முடியும். ரூ.15 லட்சம் மிளகாய்க்கு 5 சதவீத வரி ரூ.75,000, அபராதம் ரூ.1,50,000. வாடகையில் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு ஒரே நாளில் போய்விடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து எல்.ஆர். ரசீதில் இருக்கிறது. இதைப் பலர் படிப்பதே இல்லை. 2011 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு சேதமானாலோ காணாமல் போனாலோ டிரான்ஸ்போர்ட்காரர் பொறுப்பு வாடகையைப் போல் 10 மடங்கு வரைதான். அதாவது ரூ.20,000 வாடகைக்கு ரூ.2 லட்சம். சரக்கு ரூ.15 லட்சம் என்றால் மீதி ரூ.13 லட்சம் நம் தலையில் விழும். இதைத் தவிர்க்க, ஏற்றும்போதே சரக்கின் மதிப்பை எல்.ஆரில் எழுதி, கூடுதல் பொறுப்புக்கான கட்டணம் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது சரக்குக்குத் தனியாக டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று டிரைவர் சொல்வது லாரிக்குத்தான். நம் மூட்டைக்கு அல்ல.

இறக்கும்போது மூட்டையை எண்ணி, குறைவு, நனைவு, கிழிசல் இருந்தால் எல்.ஆரிலேயே எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதன் பிறகே பாக்கி வாடகையைக் கொடுங்கள். நஷ்ட ஈடு கேட்பதானால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டிருந்தால் வழக்குக்கே வழி இல்லை.

நாலு கடைக்காரர் சேரும்போது, ஒருவர் பெயரில் மொத்தமாக வாங்கிப் பில் இல்லாமல் பிரித்துக்கொள்வது வேண்டாம். அவரவர் பெயருக்குத் தனிப் பில், தேவையானால் தனி இ-வே பில் போடச் சொல்லுங்கள். மூட்டையில் கடைவாரியாகக் குறி போட்டு, கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்றுங்கள். வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, ஹால்டிங் யார் பங்கு எவ்வளவு என்பதை லாரி புறப்படும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இவ்வளவும் செய்ய அரை நாள் ஆகும். அந்த அரை நாளைச் செலவிட மனமுள்ளவர்கள் தாராளமாக முழு லோடு எடுக்கலாம். முடியாதவர்கள் மொத்தக் கடையில் மூட்டைக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவதே மேல்.

— ஒரு மொத்த வியாபாரி, திமிரி