மனைக்கல்லில் முடங்கும் முதுமைப் பணம்

உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டுச் சேலம் சாலை பிரிகிறது. போகிற வழியெல்லாம் வெள்ளையடித்த மனைக்கற்கள். "செட்டில்மென்ட் பணம் வந்ததும் இங்க ரெண்டு மனை வாங்கிப் போட்டுடலாம்னு இருக்கேன் சார். விலைவாசி ஏறுற வேகத்துக்கு மண்ணுதான் ஈடுகொடுக்கும்" என்றார், அடுத்த ஆண்டு ஓய்வுபெறப்போகும் தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர்.

அவர் பயம் நியாயமானது. அரசு ஊழியர் போல அகவிலைப்படி அவருக்குக் கிடையாது. வருங்கால வைப்பு நிதியோடு வரும் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆனது. பத்தாண்டு கடந்தும் அதே ஆயிரம்தான். உளுத்தம்பருப்பு அப்படி நின்றதா? கையில் வரும் 20 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 1,64,000 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 13,700. அதே வட்டி தொடர்ந்து கிடைத்தாலும், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டாம் ஆண்டில் அந்தப் பணத்துக்கு இன்றைய 6,800 ரூபாய்ச் சாமான்தான் வரும்.

ஆனால் அதற்கு மருந்து மனை அல்ல. என் கவலையே இதுதான். வாங்கும் நாளிலேயே முத்திரைத்தாளுக்கும் பதிவுக்கும் வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம் போகிறது. பிறகு வேலி, முள்வெட்டு, வில்லங்கம் பார்ப்பது. காலி மனைக்கு வாடகை கிடையாது. எழுபது வயதில் நெஞ்சுவலி என்று புதுச்சேரிக்கோ சென்னைக்கோ ஓடும்போது, மனையின் ஒரு மூலையை மட்டும் விற்று மருத்துவமனையில் கட்ட முடியாது. அவசரத்துக்கு விற்பவரின் முகத்தைப் பார்த்தே தரகர் விலையைக் குறைப்பார். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் பத்திரப் பதிவே தகராறு. மனையால் வசதியானவர்களும் இந்த ஊரில் உண்டு. அவர்கள் சாப்பாட்டுக்கு வேறு வருமானம் இருந்தது.

விலைவாசியோடு நேரடியாக ஏறும் சேமிப்புப் பத்திரம் 2013 டிசம்பரில் வந்தது. நுகர்வோர் விலைக் குறியீட்டு ஏற்றத்துக்கு மேல் 1.5 சதவீதம் தருவதாக இருந்தும் வாங்க ஆளில்லை, நின்றுபோனது. இன்று அந்த வேலையைப் பிரித்துத்தான் செய்ய வேண்டும். முதலில் ஐந்தாண்டுச் சாப்பாட்டுச் செலவை அஞ்சலகத்திலும் வங்கியிலும் ஒதுக்க வேண்டும். மிச்சத்தில் கால் பங்கையாவது, எழுபத்தைந்து வயதில் எடுக்கும் பணமாக எண்ணி, பங்குச் சந்தைக் குறியீட்டு மியூச்சுவல் ஃபண்டில் சிறுகச் சிறுகப் போடலாம். 2008-இல் சந்தை பாதிக்கு மேல் விழுந்தது உண்மைதான். ஐந்தாண்டுச் சோற்றுக்குப் பணம் தனியே இருந்தால், விழுந்த நேரத்தில் விற்க வேண்டிய நெருக்கடி வராது.

இதையெல்லாம் அந்த ஆசிரியரிடம் சொன்னேன். அவர் மனைவிதான் கூர்ந்து கேட்டார். "மாசாமாசம் மளிகைக்கு எவ்ளோ வரும்னு மொதல்ல ஒரு நோட்டுல எழுதுங்க" என்றார் கணவரிடம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. தரகர் வெள்ளிக்கிழமை வருகிறாராம்.